தேவாலய ஆராதனை எந்த வரிசையில் நடக்கிறது? அது யாருக்காக?

சபைக்குச் சபை முறை மாறினாலும் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் ஒன்றுதான்: முதலில் வேதத்தைக் கேட்பது, பிறகு அப்பமும் திராட்சை ரசமும் பகிர்வது. கத்தோலிக்கத் திருப்பலி அப்படியே இரண்டு பகுதிகளாக நடக்கும். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் பிரசங்கமே மையம். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து வாரந்தோறும் இருப்பதில்லை. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பலர் மௌனமாகவே கூடியிருப்பார்கள்.

2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறு கூட்டத்தை விவரித்திருக்கிறார். வாசகம், அறிவுரை, எல்லோரும் எழுந்து நின்று ஜெபம், அதன்பின் அப்பமும் ரசமும். வர இயலாதவர்களின் பங்கைத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காணிக்கையிலிருந்து அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், ஊருக்குப் புதியவர்கள் ஆகியோருக்கு உதவி போகும். ஆராதனை கடவுளுக்கு உரியதுதான். ஆனால் 'யாருக்காக' என்று கேட்டால், அங்கே வர முடியாதவர்களையும் சேர்த்துத்தான் என்பேன். இதை மறந்த சபை பாதி ஆராதனையைத்தான் நடத்துகிறது.

பழைய சபைகளில் வரம்புகளும் இருந்தன. ஞானஸ்நானம் பெறாதவர்களைப் பிரசங்கத்துக்குப் பிறகு வெளியேறச் சொல்லி அறிவித்து அனுப்பிவிடுவார்கள். அந்த அறிவிப்பு ஆர்த்தடாக்ஸ் ஆலயங்கள் பலவற்றில் இன்றும் ஒலிக்கிறது, பெரும்பாலும் யாரும் வெளியேறுவதில்லை என்றாலும்.

இன்று பொதுவாக எவரும் வந்து அமரலாம். நற்கருணையை, அதாவது அந்த அப்பத்தையும் ரசத்தையும், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் தங்கள் உறுப்பினர்களுக்கே வழங்கும். அந்த நேரத்தில் நீங்கள் இருக்கையிலேயே இருந்துவிடலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.