பீகாரிலிருந்து திருப்பூருக்கு ஏன் இத்தனை பேர் வேலைக்கு வருகிறார்கள்?

தனிநபர் வருமானம் என்பது ஒரு மாநிலத்தின் ஆண்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் வரும் சராசரி. தமிழ்நாட்டில் இது பீகாரைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

கோவை ஆலைகளுக்கு 1930களிலேயே நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. பருத்தியும் பக்கத்திலேயே விளைந்தது. பீகாரில் (அப்போது ஜார்க்கண்டும் சேர்ந்தது) நிலக்கரியும் இரும்பும் மண்ணுக்கடியில் கிடந்தன. ஆனால் 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் இரும்புக்கு ஒரே விலை என்று மத்திய அரசு வைத்திருந்தது. சந்தைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஐம்பது மைல் தள்ளி இருக்கும் தோட்டத்துக்கும் ஒரே வண்டி வாடகை என்றால், பக்கத்தில் இருந்து என்ன பயன்? அப்படித்தான், இரும்புக்குப் பக்கத்திலேயே பீகாரில் ஆலை வைப்பதன் லாபமும் இல்லாமல் போனது. அந்த மக்களுக்கு நடந்தது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், வடக்கு முழுக்க ஏழை என்பதும் சரியில்லை. டெல்லியின் சராசரி தமிழ்நாட்டைவிட அதிகம்.