கரடுமுரடான காட்டுப்பாதையில் இரவில் சைக்கிள் ஓட்ட, விலை குறைந்த விளக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெட்டியில் போட்டிருக்கும் லூமன் (வெளிச்ச அளவு) கணக்கை விடுங்கள், பேட்டரியைப் பாருங்கள். இந்த விளக்குகளில் வழக்கமாக வரும் உருளை லித்தியம் செல்லான 18650 ஒன்று சுமார் 3500 மில்லி ஆம்பியர்-மணி (மின்சாரக் கொள்ளளவு) தான் தாங்கும். 9900 என்று அச்சடித்திருந்தால் சுத்தக் கப்சா. எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் என்று வையுங்கள். 1000 லூமனுக்கு 10 வாட் ஆகும்; 3.6 வோல்ட் செல்லில் இருப்பது சுமார் 12.6 வாட்-மணி, அதனால் அந்தச் செல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். இரண்டு மணி நேரம் சுற்றுபவருக்கு இரண்டு செல் வேண்டும்.

கைப்பிடியில் அகலமாகப் பரவும் 800 லூமன் எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது. அது தாழ்வாக இருப்பதால் கல், வேர்களின் நிழல் நீண்டு விழும், மேடுபள்ளம் புரியும். தலைக்கவச விளக்கை மட்டும் நம்பினால் தரை தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். ஆனால் வளைவில் பார்வை போகும் பக்கம் வெளிச்சத்தைக் கொண்டுபோவது அதுதான். காசு மிஞ்சினால் சின்னதாக ஒன்று மாட்டுங்கள். எதிரே ஆள் வந்தால் மட்டும் தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், பாவம்.