கேள்வி-பதில்: டீசல் டேங்குக்கு இரண்டு குழாய்

கேள்வி: எங்களுடையது மூன்று மாடி அடுக்ககம். தரைத்தள அறையில் ஜெனரேட்டருக்கான 500 லிட்டர் டீசல் டேங்க் இருக்கிறது. வாட்ச்மேன் கேனும் புனலுமாக ஊற்றி, தரையெல்லாம் பிசுபிசுப்பு. ஒன்பது அங்குலச் சுவரைத் துளைத்து, வெளியிலிருந்தே நிரப்ப நினைக்கிறோம். ஊற்ற 2 அங்குல ஜி.ஐ., காற்றுக்கு அரை அங்குல ஜி.ஐ., இரண்டும் ஒரே ஓட்டையில் போகட்டும் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 2 அங்குலம் என்பது மட்டும் சரி. மற்றதெல்லாம் தண்ணீர்க் குழாய்ப் பழக்கம்.

ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து சோப்புப் போன்ற பிசினாகும். அது ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் பூச்சில்லாத கறுப்பு எம்.எஸ். (சாதா இரும்பு) குழாய், கனமான 'சி கிளாஸ்' என்று கேளுங்கள். சிவப்புப் பட்டை போட்டிருக்கும். பி.வி.சி. பேச்சே வேண்டாம். திருகு இணைப்புகளில் டெஃப்ளான் டேப் சுற்றினால் அதன் துணுக்குகள் ஃபில்டர் வரை போகும். டீசல் தாங்கும் திரெட் சீலண்ட் பூசுங்கள்.

காற்றுக் குழாயில்தான் எல்லோரும் சிக்கனம் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து நிரப்பும் பம்ப் நிமிடத்துக்கு 50 லிட்டர் டீசலைத் தள்ளினால், அதே நிமிடத்தில் 50 லிட்டர் காற்று வெளியேறியாக வேண்டும். அரை அங்குலத்தில் அது திணறும். டீசல் ஊற்றுகிறவர் முகத்துக்கே திரும்பி வரும். குறைந்தது ஒன்றேகால் அங்குலம் போடுங்கள். டேங்கின் உச்சியில் புறப்பட்டு, வழியெல்லாம் மேல்நோக்கியே ஏற வேண்டும். நடுவில் ஓரிடம் தொய்ந்தாலும் அங்கே டீசல் தேங்கிக் காற்றை அடைத்துவிடும். ஊற்றும் குழாய் இதற்கு நேரெதிர்: டேங்கை நோக்கி மீட்டருக்கு 2 செ.மீ. சரிய வேண்டும். அதன் வாய் டேங்கின் மேல்தட்டுக்கு 30 செ.மீ. ஆவது உயரத்தில் இருக்கட்டும். உள்ளே அடித்தட்டுக்கு 15 செ.மீ. மேல் வரை இறக்கினால் டீசல் சிதறாது, நுரைக்காது.

சுவரில் இரண்டு தனி ஓட்டைகள், கோர் கட்டிங் மெஷினில். உளியால் உடைத்தால் செங்கல் கலகலத்துவிடும். 2 அங்குலக் குழாய்க்கு 3 அங்குல ஸ்லீவ் (சுவரில் பதிக்கும் உறைக்குழாய்), ஒன்றேகாலுக்கு இரண்டரை. ஸ்லீவ் வெளிப்புறம் ஒரு அங்குலம் நீண்டு, அரை செ.மீ. வெளிச்சாய்வாக நிற்கட்டும், மழைநீர் உள்ளே வராது. உள்ளே போகும் குழாய் எதிர்த்திசையில் சரிவதற்கும் ஸ்லீவில் இடம் இருக்கும். இடைவெளியைக் கொத்தனார் சிமென்ட்டால் அடைக்க வருவார், தடுத்துவிடுங்கள். கடற்காற்று உப்பு ஏறிய சிமென்ட் குழாயை அரிக்கும். அது குழாயை இறுக்கிப் பிடிப்பதால் ஜெனரேட்டர் அதிர்வில் திருகு இணைப்பும் விட்டுப்போகும். ராக்வூல் (தீப்பிடிக்காத கல்நார்ப் பஞ்சு போன்ற பாறை இழை) திணித்து, இரு முகங்களிலும் நெருப்புத் தாங்கும் சீலண்டால் மூடுங்கள்.

காற்றுக் குழாயின் முனை நிரப்பும் வாயைவிட உயரத்தில், கீழ்நோக்கி வளைந்து, பித்தளை வலையோடு முடிய வேண்டும். சன்னல், ஏ.சி., மின்பெட்டி எதற்கும் அருகில் வேண்டாம். ஆனால் உயரம் கூடக் கூட இன்னொரு ஆபத்து உண்டு. அளவுக்கு மீறிப் பம்ப் செய்து, 3 மீட்டர் காற்றுக் குழாய் முழுக்க டீசல் ஏறிவிட்டால், ஒரு சதுர மீட்டர் மேல்தட்டை உள்ளிருந்து சுமார் 2.5 டன் விசை தள்ளும். தகர டேங்கின் தையல் பிளந்துவிடும். 450 லிட்டரில் நிறுத்துங்கள். எண்ணெயால் வீட்டைச் சூடாக்கும் குளிர் நாடுகளில் காற்றுக் குழாயில் ஒரு விசில் வைப்பார்கள்: நிரம்பும் வரை ஊதும், ஊதல் நின்றால் பம்பை நிறுத்த வேண்டும். இங்கே டேங்கில் டீசல் மட்டம் காட்டும் கண்ணாடிதான். உள்ளே ஓர் ஆள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

டேங்கோடு இணைக்கும் முன், குழாய்களை மட்டும் காற்றழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிச் சோதியுங்கள். டேங்கையும் சேர்த்து அழுத்தம் கொடுக்க வேண்டாம். வெளிப்பகுதிக்கு எபாக்சி பெயின்ட். வாய்க்குப் பூட்டு மூடியும், 'டீசல்' என்ற எழுத்தும் கட்டாயம்; தண்ணீர்த் தொட்டி (சம்ப்) என்று நினைத்து யாராவது லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. மொத்த இருப்பு 2,500 லிட்டருக்குள், ஒரு கலன் 1,000 லிட்டருக்குள் என்றால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் வேண்டியதில்லை.

கேள்வி: மூன்று வருடமாக ஒழுங்காக இருந்த டேங்க். இப்போது பாதிகூட நிரம்பாமல் டீசல் எதிர்த்து வருகிறது. ஜெனரேட்டரும் அரை மணி ஓடி, மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.
- வாசகர், காசிமேடு

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. ஊற்றும்போது காற்று வெளியே போகவில்லை. ஓடும்போது உள்ளே வரவில்லை. காற்றுக் குழாயில் டேங்க் அருகே உள்ள யூனியனை (கழற்றி மாட்டும் இணைப்பை) கழற்றிச் சிறிது ஊற்றிப் பாருங்கள். சரளமாக இறங்கினால் பழி காற்றுக் குழாய் மேல்தான். முதலில் முனை வலையைப் பாருங்கள். குளவிக்கூடு, உப்புத் துரு, சுவருக்கு அடித்த பெயின்ட் மூன்றில் ஒன்று இருக்கும். வலை சுத்தம் என்றால் குழாய் எங்காவது தொய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சரிசெய்யும் வரை ஜெனரேட்டரை ஓட்ட வேண்டாம். டேங்கின் பக்கத்தட்டு உள்வாங்கிவிடும்.

கேள்வி: மழைக்கு எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். நிரப்பும் வாயை உயர்த்தினால் போதுமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: போதாது. 500 லிட்டர் டேங்க் பாதி மூழ்கினாலே தண்ணீர் அதை 250 கிலோ அளவுக்குத் தூக்கும். தகரம் 100 கிலோ, மிச்ச டீசல் 50 லிட்டர் என்றால் எடை 140 கிலோதான். டேங்க் மிதக்கும்; சுவரில் மாட்டிய குழாய்கள் முறியும்; டீசல் தெருவெல்லாம் பரவும். கால்களை நான்கு ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டில் இறுக்குங்கள். ஐப்பசிக்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுங்கள். நிரப்பும் வாய், காற்றுக் குழாய் முனை இரண்டும் 2015 வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.