பிரேடன் 22 இருந்தும் படுக்கைப்புண் வருமா? கேள்வி-பதில்

கே: இதய அறுவைக்கு முந்தைய நாள் பிரேடன் ஸ்கோர் (படுக்கைப்புண் வரும் அபாயத்தை 6 முதல் 23 வரை அளக்கும் எண்; குறையக் குறைய அபாயம் அதிகம்) 22. மூன்றாம் நாள் வால் எலும்பு மேல் ஊதாத் திட்டு. ஸ்கோர் தப்பா?

ப: ஸ்கோர் சரிதான், போட்ட நேரத்துக்கு. அன்று அவர் நடந்தார், சாப்பிட்டார், தானே புரண்டு படுத்தார். மறுநாள் பல மணி நேரம் அறுவை மேசையில் மல்லாந்து அசையாமல் கிடந்தார். ஹார்ட்-லங் மெஷின், குளிர்விக்கப்பட்ட உடல், இறங்கிய ரத்த அழுத்தம், அப்புறம் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின். பிரேடனில் மதிப்பெண் போடும் ஆறு கட்டங்களில் (உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு) இந்த நான்குக்கும் இடமில்லை. எலும்பை ஒட்டிய தசையில் தொடங்கும் சேதம் மேலே தெரிய 2, 3 நாள் ஆகும். அதனால் மேசையில் விழுந்த அடிக்கு ஐசியு இரவுப் பணியாளர்கள் திட்டு வாங்குகிறார்கள். இது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். அதைவிட மோசம், அட்மிஷனில் போட்ட எண்ணையே ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்து எழுதுவது. எத்தனை தடவை சொல்வது? தியேட்டரிலிருந்து வந்ததும் புதிதாகப் போடுங்கள். நிலைமை மாறினால் மறுபடியும் போடுங்கள். அறுவை எவ்வளவு நேரம் நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தோலைத் தொட்டுப் பாருங்கள்.

கே: ஐசியுவில் எல்லாருக்குமே 18-க்குக் கீழேதான், அதாவது அபாயம் என்றுதான் வருகிறது. பிறகு எதற்கு இந்த ஸ்கோர்?

ப: மொத்த எண் அங்கே ஆளைப் பிரித்துக் காட்டாது, உண்மை. எந்தக் கட்டத்தில் மதிப்பெண் குறைந்தது, நேற்றைக்கு இன்று இறங்கியதா என்று பாருங்கள். சர்க்கரை நோய், வயது, வென்டிலேட்டரில் இருக்கும் நாள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தின் அளவு எல்லாம் சேர்ந்ததுதான் கணிப்பு.

கே: ரத்தப் புரதமான ஆல்புமின் 3-க்குக் கீழே. புரோட்டீன் பவுடர் போதுமா?

ப: போதாது. அறுவைக்குப் பின் அழற்சியாலும், ஏறிய திரவத்தாலும் ஆல்புமின் இறங்கும். அதை வைத்து மட்டும் உணவை எடை போடாதீர்கள்.

கே: அப்பாவுக்குச் சிவந்திருக்கிறது. எண்ணெய் தேய்க்கலாமா?

ப: எங்கே சிவந்தது, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா, எதையுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? தேய்க்க மட்டும் கூடாது. வெளுக்காவிட்டால் அது முதல் நிலைப் புண். அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, உடனே செவிலியரிடம் காட்டுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். சூடு, கெட்டித்தன்மை, வலி பாருங்கள்.

கே: நெஞ்செலும்பு வெட்டியிருக்கிறது. புரட்டலாமா? வளையத் தலையணை வைக்கலாமா?

ப: ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால், மருத்துவர் சரி சொன்னதும், கையைப் பிடித்து இழுக்காமல் உடலை ஒரே வாக்கில் சுமார் 30 டிகிரி சாய்க்கலாம். முழுதாகச் சாய்க்க முடியாதவருக்குச் சின்னச் சின்ன அசைவாவது கொடுங்கள். வளையத் தலையணை வேண்டாம், அது விளிம்பில் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள்.