கேள்வி பதில்: ஜெர்மனியின் சந்தைகளும் திருவிழாக்களும்

சென்னையிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் நவம்பர் 18 முதல் 28 வரை எங்களோடு தங்க வருகிறார்கள். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதற்குள் தொடங்கிவிடுமா?
– வாசகி, எர்லாங்கன்

தொடங்கிவிடும், ஆனால் கடைசி சில நாட்கள்தான் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது, முதல் அட்வென்ட். அதற்கும் முந்தைய ஞாயிறு டோட்டன்சோன்டாக், இறந்தவர்களை நினைக்கும் நாள். அது கழிந்த பிறகுதான் பெரும்பாலான ஊர்களில் சந்தையைத் திறப்பார்கள். 2026-ல் முதல் அட்வென்ட் நவம்பர் 29. எனவே 23-ஆம் தேதி, திங்கள் முதல் எதிர்பார்க்கலாம். உங்கள் நகராட்சியின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நியூரன்பெர்க் சந்தை முதல் அட்வென்ட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் திறக்கும். இந்தக் கணக்கில் நவம்பர் 27. மாலை 5.30 மணிக்கு ஃபிராவன்கிர்ஹே தேவாலயத்தின் மாடத்தில் பொன்னிறச் சுருள்முடியோடு, தேவதை வேடமிட்ட 'கிறிஸ்ட்கிண்ட்' வந்து நின்று செய்யுள் சொல்லித் தொடங்கிவைப்பார். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் நல்ல இடம் பிடிக்க வெகு முன்னதாகவே போய்க் குளிரில் நிற்க வேண்டும். வயதானவர்களுக்கு அது வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் மாலை நான்கு மணிக்கு உங்கள் ஊர்ச் சந்தைக்கே அழைத்துப் போங்கள். நாலரைக்கெல்லாம் இருட்டி விளக்குகள் எடுப்பாகத் தெரியும். அலுவலகம் விட்டு வருகிற கூட்டம் ஆறு மணிக்கு மேல்தான். சால்வையைவிட முக்கியம் தடித்த அடிப்பாகமுள்ள காலணி. கருங்கல் தரையிலிருந்து ஏறும் குளிர்தான் அவர்களைச் சீக்கிரம் வீட்டுக்குக் கிளப்பும்.

ஊருக்கு எடுத்துப்போக லேப்கூகன் என்னும் மசாலாக் கேக் வாங்கினால் 'எலீசன்' வகையாகக் கேளுங்கள். அதில் கொட்டைப் பருப்பு குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. நூலில் கோத்துத் தொங்கும் இதய வடிவ லேப்கூகன் அழகுக்குத்தான்; கடித்தால் பல் வலிக்கும்.

க்ளூவைன் (மசாலா சேர்த்த சூடான ஒயின்) குவளைக்கு வாங்கிய ஃபாண்ட் (வைப்புத்தொகை) பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். இது முறையா?
– வாசகர், டோர்ட்முண்ட்

பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். சில சந்தைகளில் குவளையோடு ஒரு சின்ன வில்லையும் தருவார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பணம். அதைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு மறப்பவர்கள் அதிகம். இன்னொன்று, ஒரே சந்தையிலேயே ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனிக் குவளை வைத்திருப்பது. பக்கத்துக் கடைக் குவளையை வாங்க மாட்டார்கள். வாங்கிய கடையிலேயே கொடுப்பதுதான் நல்லது. ஃபாண்ட் பொதுவாக 3 முதல் 5 யூரோ. பலகையில் எழுதியிருக்கும் விலையில் அது சேர்ந்திருக்காது, அதனால் கையில் சில்லறையோடு போங்கள். ஆண்டு பொறித்த குவளை பிடித்திருந்தால் ஃபாண்டை விட்டுவிட்டு எடுத்துப் போகிறவர்களும் உண்டு.

குழந்தைகளுக்குக் கிண்டர்புன்ஷ் கேளுங்கள்; மது கலக்காத பழரசம் அது. குவளை இரண்டுக்கும் ஒன்றேதான் என்பதால் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்துக் கொடுங்கள். க்ளூவைன் கொதித்த வாடை அடித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். கிட்டத்தட்ட 80 டிகிரியைத் தாண்டவிட்டால் மது ஆவியாகி, கிராம்பும் பட்டையும் கசக்கத் தொடங்கும்.

நாங்கள் சுத்த சைவம். இந்தச் சந்தைகளில் நம்பி எதைச் சாப்பிடலாம்?
– வாசகி, ஃபிராங்க்ஃபர்ட்

இறைச்சி கண்ணுக்குத் தெரியும்; சிக்கல், தெரியாமல் கலந்திருக்கும் பன்றிக் கொழுப்பில்தான். ஷ்மால்ட்ஸ் என்பார்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் ரைபெகூகன், ஆப்பிள் கூழோடு அருமையாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் முட்டை சேர்த்திருப்பார்கள், சில கடைகளில் ஷ்மால்ட்ஸிலேயே பொரிப்பார்கள். சிவப்பு முட்டைக்கோஸ் பொரியல் போலத் தெரியும். அதை வாத்துக் கொழுப்பில் வதக்குவது வழக்கம். காளான் வறுவலிலும், மெல்லிய பீட்சா போன்ற ஃபிளாம்கூகனிலும் ஷ்பெக் எனும் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும். ஃபிளாம்கூகனை அவ்வப்போது சுட்டுத் தருவதால் 'ஓனே ஷ்பெக்' (ஷ்பெக் இல்லாமல்) என்று சொன்னால் போட மாட்டார்கள். காளானில் ஏற்கெனவே கலந்திருக்கும், சொல்லிப் பயனில்லை. ஸ்வாபியப் பகுதியில் பிரெட்செல் மாவிலும் ஷ்மால்ட்ஸ் போடுவதுண்டு. முட்டை உங்களுக்குப் பரவாயில்லை என்றால் சீஸ் சேர்த்த முட்டை நூடுல்ஸான கெசெஷ்பெட்ஸ்லெ வயிற்றை நிரப்பும். கஷ்கொட்டைச் சுடுவலும் சர்க்கரை வறுத்த பாதாமும் கவலையில்லாமல் வாங்கலாம்.

அந்த வறுத்த பாதாமை வீட்டில் செய்தால் மண்மண்ணாகப் போய்விடுகிறது. பளபளப்பு வர என்ன செய்வது?
– வாசகி, ஸ்டுட்கார்ட்

பாதியில் இறக்கிவிடுகிறீர்கள். அந்த மணல் கட்டத்தைத் தாண்டித்தான் பளபளப்பு வரும்.

தோலோடு உள்ள, வறுக்காத பாதாம் 200 கிராம், சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 100 மில்லி, பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி. அகலமான, அடி கனத்த வாணலி வேண்டும். ஒட்டாப் பூச்சு வாணலி வேண்டாம். சர்க்கரை படிகம் அதைக் கீறும். தண்ணீரையும் சர்க்கரையையும் பட்டைத்தூளையும் கொதிக்கவிட்டு, பாதாமைப் போட்டு, நல்ல தீயில் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் பெரிய குமிழ்கள் வரும், பிறகு பாகு கெட்டியாகும், திடீரென எல்லாம் வெளுத்து உலர்ந்து மணல் போல உதிரும். இங்கேதான் பலர் 'கெட்டுவிட்டது' என்று அடுப்பை அணைக்கிறார்கள். தீயை நடுத்தரமாகக் குறைத்துவிட்டு மேலும் கிளறுங்கள். அடியில் கிடக்கும் சர்க்கரை உருகிப் பழுப்பாகி, ஒவ்வொரு பாதாமாகப் பற்றும். மூன்று, நான்கு நிமிடங்களில் பாதிக்கு மேல் மினுமினுக்கும். முழுக்க உருகும்வரை காத்திருக்க வேண்டாம், காத்திருந்தால் கசக்கும். மேலே சற்றே கரடுமுரடாக இருப்பதுதான் சந்தைப் பக்குவம்.

உடனே பேக்கிங் தாளில் கொட்டி, இரண்டு முட்கரண்டிகளால் பிரித்துவிடுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் ஒரே கட்டியாகிவிடும். விரலால் தொடாதீர்கள், உருகிய சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். வாணலியைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்துவிடும்.

மூன்று வயது மகனோடு கொலோன் கார்னிவல் போகலாமா?
– வாசகர், பான்

போகலாம், எந்த நாள் என்பதுதான் கேள்வி. வியாழக்கிழமை வைபர்ஃபாஸ்ட்நாக்டில் நகரமே குடித்திருக்கும், குழந்தையோடு வேண்டாம். திங்களன்று வரும் ரோசன்மோன்டாக் ஊர்வலம் பிரமாண்டம், ஆனால் பல மணிநேர நெரிசல். ஈஸ்டருக்கு 48 நாட்களுக்கு முன் அது வரும். 2027-ல் பிப்ரவரி 8. அதற்கு முந்தைய ஞாயிறன்று பள்ளிக் குழந்தைகளும் பேட்டைச் சங்கங்களும் நடத்தும் ஊர்வலமே உங்களுக்குச் சரி. அதைவிடவும் எளிது, செவ்வாயன்று புறநகர்ப் பேட்டைகளில் நடப்பவை. வீசும் மிட்டாயைப் பிடிக்கத் துணிப்பை எடுத்துப் போங்கள். முன்வரிசையில் நிறுத்தினால் சாக்லேட் பெட்டி முகத்தில் விழலாம். தோளில் தூக்கி வையுங்கள், தலைக்கு ஒரு தொப்பி. அங்கே கத்த வேண்டியது 'அலாஃப்'. 'ஹெலாவ்' டுஸல்டார்ஃப்காரர்களுடையது, வாய் தவறினால் முறைப்பார்கள்.

வாரச் சந்தையில் வெள்ளை அஸ்பராகஸ் வாங்கினேன். நார் நாராக இருந்தது.
– வாசகி, ஹைடல்பெர்க்

பழையதை வாங்கியிருப்பீர்கள், அல்லது தோலைப் போதுமான அளவு சீவியிருக்க மாட்டீர்கள். இரண்டு தண்டுகளை உரசினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், வெட்டிய நுனி ஈரமாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். இங்கே காய்கறியைத் தாமாக அழுத்திப் பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்காது. தலைக்குக் கீழிருந்து அடிநோக்கிச் சீவி, அடியில் இரண்டு சென்டிமீட்டர் நறுக்கிவிடுங்கள். ஆளுக்கு அரை கிலோ கணக்கு. ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். உங்களுக்குப் பக்கத்து ஷ்வெட்ஸிங்கன் இதற்குப் பேர்போன ஊர். ஜூன் 24-க்குப் பிறகு தேடாதீர்கள். செடி இலை விட்டு அடுத்த ஆண்டுக்குச் சத்துச் சேர்க்க, அன்றோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள்.

திராட்சைத் திருவிழாவில் வாங்கிய ஃபேடர்வைசர் (இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் புது ஒயின்) காரின் பின்பெட்டி முழுக்கக் கொட்டிவிட்டது. மூடி பழுதா?
– வாசகர், மன்ஹைம்

பழுதில்லை, வேண்டுமென்றே தளர்வாக வைத்திருக்கிறார்கள். ஃபேடர்வைசர் பாட்டிலுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருக்கும். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். படுக்க வைக்காமல், இருக்கைக்கு முன்னால் கால்வைக்கும் இடத்தில் நிமிர்த்தி வைத்து எடுத்து வாருங்கள். குளிர்பெட்டியில் நொதிப்பு மெதுவாகும், நிற்காது. இன்று இனிப்பாக இருப்பது நாளை மறுநாள் புளிப்பேறி மதுவும் கூடியிருக்கும். ஜூஸ் போல இறங்குவதால் ஏமாந்து கார் ஓட்டிவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் பெற்று இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கும் 21 வயது நிறையாதவர்களுக்கும் துளி மதுவும் கூடாது என்பது சட்டம். செப்டம்பரின் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளில் பாட் டுர்க்ஹைம் ஊரில் நடக்கும் வுர்ஸ்ட்மார்க்ட் ஒயின் திருவிழாவுக்கு ரயிலில் போவதே உத்தமம். அங்கே கோப்பையே அரை லிட்டர். சோடா கலந்த ஷோர்லெயாகக் கேட்டால் நிதானமாகக் குடிக்கலாம்.

ஜெர்மன் நண்பர்களை நம் திருவிழா ஒன்றுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன்.
– வாசகர், எஸ்ஸன்

ஹம் நகரின் உயென்ட்ராப் பகுதியில், 2002-ல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழா கோடையின் தொடக்கத்தில் வரும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், தேர் நகரத் தொடங்கிவிட்டால் சாலையைக் கடப்பது சிரமம். காலணியை ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அத்தனை ஆயிரம் ஜோடிகளுக்கு நடுவே தேட முடியாது. அலகு குத்திய காவடி வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அக்டோபர்ஃபெஸ்ட்டுக்குக் குழந்தை வண்டியோடு போக முடியுமா?
– வாசகி, ஆக்ஸ்பர்க்

சனிக்கிழமைகளிலும் அக்டோபர் 3 அன்றும் முடியாது. மற்ற நாட்களில் மாலை ஆறு மணி வரை விடுவார்கள். செவ்வாய்க்கிழமை குடும்ப நாள், ராட்டினங்களில் கட்டணம் குறைவு. மூன்று லிட்டருக்கு மேற்பட்ட பையை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள்; பெரிய டயாபர் பை இருந்தால் ரயில் நிலையப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, தேவையானதை மட்டும் சிறு பையில் எடுத்துச் செல்லுங்கள்.