இன்டர்வியூ ஆப்ஷனல்னா விட்டுடலாமா?

கேள்வி: நியூஜெர்சில இருக்கோம், பையன் 12வது கிரேடு, அமெரிக்க கோஸ்ட் கார்ட் (கடலோரக் காவல்படை) ஆபீசர்களை உருவாக்கற அகாடமிக்கு அப்ளை பண்றான். இன்டர்வியூ கட்டாயமில்லன்னு சொல்றாங்க, அவனுக்கு கூச்சம் வேற. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்கம்மா. வெஸ்ட் பாயின்ட் (ராணுவ அகாடமி), அன்னாபோலிஸ் (கடற்படை அகாடமி)னா அமெரிக்க காங்கிரஸ், அதாவது அங்கத்த பார்லிமென்ட், உறுப்பினர் மாதிரி யாராவது நாமினேஷன் (பரிந்துரை) தரணும், அதுக்கே அந்த உறுப்பினர்களோட பல ஆபீஸ்ல பையனக் கூப்பிட்டு உக்கார வச்சு பேசுவாங்க, ஆனா கனெக்டிகட் மாநிலம் நியூ லண்டன்ல இருக்கற இந்த கோஸ்ட் கார்ட் அகாடமிக்கு நாமினேஷனே கிடையாது, அதனால மார்க், கட்டுரை, ஃபிட்னஸ் டெஸ்ட்னு பேப்பர்ல இருக்கறதத் தாண்டி பையன் யாருன்னு காட்ட கெடைக்கற நல்ல சான்ஸ் இது. கூச்சம் பெரிய விஷயமில்ல. ஃபீஸ் கிடையாது, ஆனா 4 வருஷப் படிப்பு முடிச்சதும் கோஸ்ட் கார்ட்ல 5 வருஷம் சர்வீஸ் பண்ணணும், அதுக்கு மனசார தயாரான்னு இன்டர்வியூல கேட்டா அவனே சொந்தமா சொல்லணும், நீங்க சொல்லிக்குடுத்தத ஒப்பிச்சா உடனே தெரிஞ்சிடும்.