இன்று நடக்காத டென்னிஸ் போட்டிகளில் உங்களைக் கவர்ந்தது எது? அது ஏன் நின்றுபோனது?

என் தேர்வு கிராண்ட் ஸ்லாம் கப். 1990 முதல் 1999 வரை ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்தது. டென்னிஸ் நிர்வாகிகளின் பங்காளிச் சண்டையில் பிறந்த போட்டி, அதனால்தான் எனக்கு அதன் மேல் இத்தனை ஆர்வம்.

1990இல் ஆட்டக்காரர்களின் சங்கமான ஏடிபி, ஆண்கள் போட்டித்தொடரைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கில் நடந்துவந்த ஆண்டிறுதிப் போட்டியும் பிராங்பர்ட்டுக்குப் போனது. விம்பிள்டன், யுஎஸ் ஓபன் முதலான நான்கு பெரிய போட்டிகள், அதாவது கிராண்ட் ஸ்லாம்கள், மட்டும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் பக்கம். கூட்டமைப்பு சும்மா இருக்குமா? அதே ஜெர்மனியில், அதே ஆண்டு டிசம்பரில், தானும் ஒரு ஆண்டிறுதிப் போட்டியைத் தொடங்கியது. கிராண்ட் ஸ்லாம்களில் நன்றாக ஆடிய 16 பேருக்குத்தான் அழைப்பு. தரவரிசைப் புள்ளி கிடையாது.

புள்ளி இல்லாவிட்டால் என்ன, பணம் இருந்தது. மொத்தப் பரிசு 60 லட்சம் டாலர், வென்றவருக்கு மட்டும் 20 லட்சம். அந்த ஆண்டு யுஎஸ் ஓபனில் வென்றவருக்குக் கிடைத்ததே மூன்றரை லட்சம்தான்! இரண்டையும் வென்றவர் 19 வயது பீட் சாம்ப்ராஸ். இவ்வளவு பணமா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள்.

ஆனால் பணத்துக்காக ஒப்புக்குச் சப்பாணியாக ஆடிய போட்டி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1993ஐப் பாருங்கள். பீட்டர் கோர்டா அரையிறுதியில் சாம்ப்ராஸை ஐந்தாவது செட்டில் 13-11 என்று சாய்த்தார். அப்புறம் இறுதி ஆட்டத்தில் ஜெர்மன்காரரான மிக்கேல் ஷ்டிக்கை, அதுவும் அவருடைய சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், மறுபடி ஐந்தாவது செட்டில் 11-9. கோர்டா தன் ஒரே கிராண்ட் ஸ்லாமை வென்றது இதற்கெல்லாம் பிறகு, 1998இல்தான். டேவிட் வீட்டன், மாக்னஸ் லார்சன் என்று கிராண்ட் ஸ்லாமே வெல்லாதவர்களும் இங்கே கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள்.

கடைசி இரண்டு ஆண்டுகள் பெண்களுக்கும் இடம் கொடுத்தார்கள். 1998இல் வீனஸ் வில்லியம்ஸ், 1999இல் அக்காவை வென்று செரீனா.

நின்றதற்குக் காரணம் எளிது: சண்டை முடிந்தது. 2000இல் இரு தரப்பும் சமாதானமாகி, இரண்டு ஆண்டிறுதிப் போட்டிகளையும் ஒன்றாக்கி, லிஸ்பனில் மாஸ்டர்ஸ் கப் நடத்தினார்கள். அதுதான் இன்றைய ஏடிபி ஃபைனல்ஸ். வேடிக்கை என்னவென்றால், சாம்ப்ராஸ் வென்றதாக ஏடிபி கணக்கு வைத்திருக்கும் 64 பட்டங்களில் மியூனிக்கில் வென்ற இரண்டும் அடக்கம்.